நோயாளியின் வாய்மொழி

மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவன் என்பன அவை. நோயுற்றவனை அவர் முதலில் வைத்தது செய்யுளின் ஓசைக்காக மட்டும் அன்று என்றே நான் கருதுகிறேன். உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்பையும் மேலும் நான்காகப் பகுத்து, நோயாளிக்கு உரியன இன்னின்ன என்று எண்ணிக் காட்டுகின்றார். கையில் பொருள் இருத்தல், மருத்துவன் சொன்ன வழியில் ஒழுகுதல், தன் நோயின் நிலையைத் தானே எடுத்துரைத்தல், மருந்தினால் வரும் துன்பத்தைத் தாங்குதல் என்பன அந்நான்கு. வடமொழியில் சரகர் பெயரால் வழங்கும் நூலும் இவ்வாறே நான்கு உறுப்பும், உறுப்புக்கு நான்கு குணமும் வகுத்து, நோயாளிக்கு நினைவாற்றல், சொற்படி நடத்தல், அஞ்சாமை, நோயைத் தெரிவிக்கும் திறன் ஆகியவற்றைச் சொல்லியிருக்கிறது.

பரிமேலழகர் கூறிய நான்கில் மூன்றைப் பற்றி நம் இல்லங்களில் எவரும் நினைவூட்ட வேண்டுவதில்லை. பொருளுக்கு நகையோ சேமநிதியோ உண்டு. மருத்துவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. துன்பத்தைப் பொறுப்பதில் நம் தாய்மாரை விஞ்சியவரும் இலர். எஞ்சிய ஒன்றே, அதாவது தன் நோயைத் தானே எடுத்துரைத்தலே, நம்மிடம் குன்றிக் கிடக்கிறது. நோயாளி இருக்க, அவரைச் சூழ்ந்து நிற்போரே பேசுகின்றனர். இந்த உரிமை எவ்வாறு மங்கிற்று, எவருடைய துயரத்தால் சிறிது சிறிதாக மீண்டது என்பது ஒரு தனி வரலாறு. மன்னர்களின் வரலாற்றைப் போல அது பாடநூல்களில் இடம் பெறவில்லை.

முற்காலத்து மருத்துவன் நாடி பார்த்தான். நிறம், நாக்கு, கண் ஆகியவற்றை நோக்கினான். அதற்கு மேல் அவனுக்குத் துணை நோயாளியின் சொல்லே. ஐரோப்பாவிலும் நிலை இதுவே. 18ஆம் நூற்றாண்டில் அங்கு நோயாளியை நேரில் காணாமலே, அவர் எழுதிய கடிதத்தைப் படித்து மருந்து கூறி அனுப்பிய மருத்துவர்களும் இருந்தனர். 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவரான லென்னெக் என்பவர் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஓர் இளம்பெண்ணின் மார்பில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. பின்னர் வெப்பமானி வழக்கில் வந்தது. 1895இல் எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. இவற்றால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. இவற்றைக் குறை கூறுவது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் மருத்துவரின் செவி நோயாளியின் வாயை விட்டு மார்புக்கு இறங்கியதும் அப்போதுதான். நோயாளி சொல்வது ஐயத்துக்குரியது, கருவி சொல்வதே மெய் என்னும் எண்ணம் மெல்ல வேர்கொண்டது.

நம் நாட்டில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. இன்றைய சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் மூலம், கிழக்கிந்தியக் கம்பெனியார் 1664இல் புனித ஜார்ஜ் கோட்டையில் நோயுற்ற தம் படைவீரருக்காக ஏற்படுத்திய சிறிய ஆஸ்பத்திரியே. படைவீரன் கேள்வி கேட்கக் கூடாதவன். பாசறையில் பிறந்த நிறுவனத்தில் பாசறையின் நடைமுறை தங்கிவிட்டது என்பது என் எண்ணம். படுக்கை எண்ணால் நோயாளியை அழைக்கும் பழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோட்டை நினைவுக்கு வரும்.

இதற்கு விலக்காக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற பெயரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தினார். அவர் காலத்தில் எழுதப்பட்ட கண்ணோயாளிகளின் குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. நோயாளியின் கண்ணை ஓவியர் வண்ணத்தில் தீட்ட, நோயின் போக்கும் செய்த சிகிச்சையும் அருகே எழுதப்பட்டன. ஒருவருடைய நோய்க்கு ஒரு தனி ஏடு வேண்டும் என்னும் அறிவு நம் மண்ணுக்குப் புதிதன்று.

பெண்களின் நிலை வேறு. ஆண் மருத்துவரிடம் வாய் திறந்து பேசுவதே அவர்களுக்கு இயலாததாக இருந்தது. லக்னோவில் மருத்துவ ஊழியம் செய்த எலிசபெத் பீல்பி என்னும் ஆங்கிலப் பெண்மணி, பன்னா சமஸ்தானத்து மகாராணிக்கு மருத்துவம் பார்த்தார். அவர் இங்கிலாந்து திரும்பும் காலம் வந்தபோது மகாராணி அவரை அழைத்து, நோய் வந்தால் இந்நாட்டுப் பெண்கள் படும் துன்பத்தைப் பேரரசிக்கு ஒரு செய்தியாகச் சொல்லி எழுதச் செய்தார். அதனை மிகச் சிறிய எழுத்தில் எழுத வேண்டும், பதக்கத்துக்குள் வைத்துக் கழுத்தில் அணிந்து சென்று அரசியிடமே சேர்க்க வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. 1881இல் பீல்பி விக்டோரியா அரசியைக் கண்டு அச்செய்தியைச் சேர்த்தார். 1885இல் வைசிராயின் மனைவி டஃபரின் சீமாட்டி, இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களை அளிப்பதற்காக ஒரு நிதியைத் தொடங்கியதற்கு அந்தச் செய்தியும் ஒரு தூண்டுதல். ஒரு நோயாளி தனக்காக மட்டுமன்றித் தன்போன்ற எல்லாருக்காகவும் பேசிய முதல் விண்ணப்பங்களில் ஒன்றாக அதனை நான் மதிக்கிறேன். மாளிகையில் இருந்த அரசிக்கே தன் சொல்லை ஒரு பதக்கத்தில் ஒளித்துத்தான் அனுப்ப முடிந்தது!

தமிழகத்தில் இதற்கு முன்பே ஒரு கதவு திறந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் ஒரு வழக்கறிஞரின் மனைவி. பேறுகாலத்தில் உதவியின்றி இறக்கும் பெண்களைப் பற்றிக் கேள்வியுற்றே அவர் மருத்துவம் பயின்றார். 1885இல் சென்னையில் அவர் முயற்சியால் தோன்றிய கோஷா ஆஸ்பத்திரிதான் திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்கும் மருத்துவமனை. அந்நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. பேறுகாலத் துன்பத்தில் இருந்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு மூன்று ஆடவர்கள் வந்தனர். வீட்டில் மருத்துவராக இருந்தவர் ஐடா ஸ்கடரின் தந்தை. ஆண் மருத்துவர் வேண்டா என்று மூவரும் திரும்பிச் சென்றனர். மூன்று பெண்களும் இறந்தனர். அதனால் நெஞ்சு நைந்த ஐடா மருத்துவம் கற்று 1900இல் வேலூரில் பணி தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இக்கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். அம்மூன்று பெண்களின் விருப்பம் யாது என்ற வினா அதில் எங்குமே எழுவதில்லை. அவர்களுக்காகக் கணவன்மார் பேசினர், அவ்வளவே.

இனி நம் தலைநகருக்கு வருவோம். பெண்களுக்கான ஹார்டிஞ்ச் சீமாட்டி மருத்துவக் கல்லூரி தில்லியில் 1916இல் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் நம்மவர் அலுவலகங்களை நாடிப் பெருந்தொகையினராய் இங்குக் குடியேறினர். 1954இல் மத்திய அரசு ஊழியருக்கான சுகாதாரத் திட்டம் முதன்முதலாக இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. மாதச் சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். குடும்பம் முழுமைக்கும் டிஸ்பென்சரியில் மருத்துவம் உண்டு. 1956இல் பாராளுமன்றச் சட்டத்தால் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் அமைந்தது. அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அதற்காகப் பாடுபட்டார். ஆக, மருத்துவமனை இல்லை என்ற குறை தலைநகர்த் தமிழர்க்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. இருந்த குறை மொழியே.

அலுவலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவருக்கு இஃது எளிதில் விளங்காது. அவருடைய தாயார் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். அவருக்கு நோய் தமிழில்தான் வரும். நம் மொழியில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்தல் வேறு, குடைச்சல் வேறு. உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, பிடிப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனி. நெஞ்சு கரிப்பதும் நெஞ்சை அடைப்பதும் ஒன்றல்ல. முழங்காலில் குடைச்சல் என்று பாட்டியார் சொல்ல, உடன் சென்ற பேரன் ‘தர்த்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். இந்தியில் சொல் இல்லாமை இதற்குக் காரணம் அன்று. எரிச்சலுக்கு ‘ஜலன்’, வயிற்றை முறுக்குவதற்கு ‘மரோட்’ என்று அங்கும் நுட்பமான சொற்கள் உண்டு. காய்கறி வாங்கக் கற்ற இந்தியில் அவை வருவதில்லை.

இன்னும் ஆபத்தானது ‘மயக்கம்’ என்னும் சொல். தலை கிறுகிறுத்தாலும் மயக்கம் என்போம்; நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம் என்போம். மருத்துவருக்கோ இவ்விரண்டும் வெவ்வேறு வழிகள். முன்னது காதைப் பற்றியதாக இருக்கலாம். பின்னது இதயத்தைப் பற்றியதாக இருக்கலாம். மொழிபெயர்க்கும் மருமகள் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறாளோ அந்த வழியிலேயே சோதனைகள் செல்லும். அதற்கு மேல், மாமியார் மகனிடமும் மருமகளிடமும் சொல்ல நாணுகிற நோய்களும் உண்டு. சிறுநீர் அடங்காமை, மாதவிடாய் நின்ற பின் உதிரம் படுதல் போன்றவற்றைப் பேரன் வாயால் எந்த மூதாட்டி சொல்லி அனுப்புவார்? இரண்டாவதாகச் சொன்னது உடனே காட்ட வேண்டிய அறிகுறி என்பதை மருத்துவர் எல்லாரும் வற்புறுத்துவர்.

இந்த மௌனம் சட்டத்தின் முன்பும் நெடுநாள் நீடித்தது. அதனைக் கலைத்தவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போன நோயாளிகள். சிலர் இறந்தும் போயினர். ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோதித் தள்ளியது. அவரைத் தூக்கிச் சென்றபோது, போலீஸ் சம்பந்தப்பட்ட வழக்குகளை ஏற்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அருகிலிருந்த மருத்துவமனை சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பியது. வழியில் அவர் உயிர் நீத்தார். செய்தித்தாளில் இதனைக் கண்ட ஒருவர் தொடுத்த வழக்கில், உயிரைக் காப்பதே முதற்கடமை, போலீஸ் நடவடிக்கை அதற்குப் பிறகே என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. 1992இல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை என்று திருப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் கைப்பொருளைச் செலவிட்டு அவர் பிழைத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. அவசர மருத்துவத்தை மறுப்பது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும் கூறியது.

இடையில் இன்னொரு வினா எழுந்தது. பணம் கொடுத்து மருத்துவம் பெறுகிறவர், 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடலாமா? சென்னை உயர் நீதிமன்றம் 1994இல், முடியாது என்று கூறியது. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, முறையிடலாம் என்றது. எவரிடமும் கட்டணம் பெறாத மருத்துவமனை இதற்கு விலக்கு. நம் காலனிவாசிகள் அத்தீர்ப்பில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. வேலை நிபந்தனையின் பகுதியாக முதலாளி மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டால், அம்மருத்துவம் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் இலவசமாகக் கிடைத்ததாகக் கருதப்படாது. ‘நாம் காசு கொடுக்கவில்லையே, என்ன கேட்பது’ என்று ஒதுங்குகிறவர்கள் இதனைப் படிக்கலாம். 2019இல் புதிய சட்டம் வந்த பின்னரும் மருத்துவச் சேவை அதன் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 2022இல் உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்த மறுப்பும் தள்ளுபடியாயிற்று.

இவை யாவற்றினும் நம் குடும்பங்களுக்கு நெருக்கமானது, தில்லியிலேயே எழுந்து 2008 ஜனவரியில் முடிவான வழக்கு. 1995இல் மணமாகாத 44 வயதுப் பெண்மணி ஒருவர் ஒரு மருத்துவ நிலையத்துக்குச் சென்றார். நோயைக் கண்டறிவதற்கான சோதனைக்கென்று அவரிடம் கையொப்பம் பெற்றனர். அவர் மயக்க மருந்தில் இருக்கையில் உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்க, மருத்துவர் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். மருத்துவர் கெட்ட எண்ணத்துடன் செய்தார் என்று நீதிமன்றம் கூறவில்லை. தாயாரும் மகளின் நன்மையையே நாடியிருப்பார். எனினும் நீதிமன்றம் சொன்னது இது: சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்குத் தந்த இசைவாகாது, வயது வந்தவர் சற்று நேரத்தில் கண் விழிப்பார் என்னும்போது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவிடத்து, தாயின் ஒப்புதல் மகளின் ஒப்புதல் ஆகாது. மேலும், நோய் இன்னது, சிகிச்சை இன்னது, வேறு வழிகள் உண்டா, அதனால் வரும் தீங்கு யாது, செய்யாவிட்டால் என்னவாகும் என்பவற்றைச் சொல்லியே இசைவு பெற வேண்டும் என்றும் விதித்தது. அவருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். அறுவைக்கான கட்டணமும் தள்ளுபடி. தொகை சிறிதுதான்.

இத்தீர்ப்பைப் படிக்கும் தமிழ்க் குடும்பத் தலைவருக்குச் சற்றுச் சங்கடம் எழுவது இயல்பு. பெரியவர் முடிவு செய்வார், மகன் கையொப்பமிடுவான், நோயாளிக்கு எதுவும் தெரிய வேண்டா என்பதையே நாம் அன்பு என்று பழகியிருக்கிறோம். புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியின் காதில் படாமல் காப்பது ஒரு குடும்பக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அந்த அன்பைப் பழிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திண்டிவனத்துக் கணவன்மாரும் அன்பில்லாதவர்கள் அல்லரே.

உரிமைகளுள் ஏட்டில் மட்டும் உறங்குவது ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டு மருத்துவக் குழுவின் நெறிமுறை விதிகளின்படி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் ஏடுகளை மருத்துவர் மூன்றாண்டு காக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டமையால் பழைய விதிகளே தொடர்ந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில் 17 உரிமைகள் உள்ளன. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவற்றுள் ஒன்று. இன்னொரு மருத்துவரைப் பார்த்தால் முதல் மருத்துவர் மனம் நோவாரோ என்று தயங்குவோர் நம்மிடையே பலர். அந்தத் தயக்கத்துக்கு விதியில் இடமில்லை.

மருத்துவரைக் காண நேரம் பெறுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. விடியலுக்கு முன் எழுந்து பெருமருத்துவமனை வாயிலில் வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2015இல் இணையவழிப் பதிவு வந்தது. விஞ்ஞானக் கழகத்துக்கு வீட்டிலிருந்தே நாள் குறிக்கலாயிற்று. 2022இல் ஹார்டிஞ்ச் கல்லூரி மருத்துவமனையில், கைப்பேசியால் ஒரு குறியைப் படம் பிடித்துச் சீட்டு எண் பெறும் முறை தொடங்கிற்று. இளைஞர்க்கு இஃது எளிது. முதியோர்க்கு மீண்டும் ஒருவர் வேண்டியிருக்கிறது. வரிசை சுருங்கிற்று, உள்ளே கிடைக்கும் சில நிமிடங்கள் நீளவில்லை.

ஆகவே அச்சில நிமிடங்களுக்குள் நோயின் நிலையை எடுத்துரைக்க ஒரு தாள் உதவும். முதல்நாள் மாலை, நோயாளி சொல்லச் சொல்ல வீட்டிலுள்ள பிள்ளை எழுதலாம். எப்போது தொடங்கிற்று, எந்த வேளையில் மிகுகிறது, உணவுக்கு முன்னா பின்னா, எந்த மாத்திரைகளை எவ்வளவு உட்கொள்கிறார், முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, மருத்துவரிடம் கேட்க வேண்டியவை எவை என்பன அதில் வேண்டும். நாட்டு மருந்தும் கஷாயமும் விடுபடக் கூடாது. அவற்றைச் சொல்ல நாணி மறைப்பவர் உளர். பிறர் முன் சொல்லக் கூசும் செய்தியைத் தனித்தாளில் மடித்துத் தரலாம். பன்னா மகாராணி செய்ததும் அதுதான். எழுதுகிற பிள்ளை முதலில் தமிழில் எழுதட்டும். குடைச்சல் என்றால் குடைச்சல் என்றே எழுதி, அதற்கு நேரான இந்திச் சொல் தெரியாவிட்டால் அண்டை வீட்டு அம்மையாரிடம் கேட்டு எதிரே குறித்துக்கொள்ளட்டும். கீழே ஓரிடம் வெறுமையாக இருக்கட்டும்; மருத்துவர் சொன்னதை அங்கேயே எழுதி, எழுதியது சரிதானா என்று அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டி வரலாம்.